சாம்பலுக்கு அடியில் ஒரு திராட்சைத் தோட்டம்

எங்கள் உக்கடத்திலிருந்து வெள்ளலூர் வெகு தூரமில்லை. பஸ்ஸில் ஏறி, பக்கத்தில் இருப்பவளிடம் கத்தரிக்காய் விலை விசாரித்து முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். அந்த ஊர் மண்ணுக்குள்ளிருந்து 1842-ஆம் ஆண்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமாபுரி வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் முதலிய சக்கரவர்த்திகளின் முகம் பொறித்த காசுகள்! கடலே இல்லாத கொங்கு நாட்டுக்கு அவை எப்படி வந்தன என்கிறீர்களா? மேற்குக் கரையில் முசிறித் துறை. அங்கிருந்து வரப் பாலக்காட்டுக் கணவாய். போதாதா? நம் பக்கத்தில் கிடைத்த பெரில் என்னும் கடல்வண்ணக் கல்லின் மேல் ரோமாபுரிச் சீமாட்டிகளுக்கு அத்தனை மோகம்!

காசு மட்டுமா வந்தது? திராட்சை மதுவும் வந்தது. முகத்தைச் சுளிக்காதீர்கள், சகோதரிகளே! நான் சொல்லப் போவது மதுவைப் பற்றி அல்ல, கொடியைப் பற்றி. யவனர் கொண்டுவந்த அந்த மதுவைப் புறநானூற்றில் நக்கீரரே குறிப்பிட்டிருக்கிறார். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மது அடைத்து வந்த இரு காது ஜாடிகளின் ஓடுகள் அகப்பட்டன. அவற்றில் சில, இத்தாலியின் காம்பானியாக் கரையில் வனைந்தவை என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள்.

அந்தக் கரையில்தான் பாம்பி நகரம் இருந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வெசூவியஸ் மலை, ஊருக்கு உள்ளேயும் வெளியேயும் திராட்சைத் தோட்டங்கள். கி.பி. 79-ல் மலை வெடித்தது. சாம்பலும் நுரைக்கல்லும் மழையாகக் கொட்டி ஊரை மூடிவிட்டன. கொடிகள் கருகின, வேர்கள் மட்கின. ஆனால் வேர் இருந்த இடம் மட்டும் மண்ணில் துவாரமாக அப்படியே நின்றுவிட்டது.

அந்தத் துவாரங்களைத் தேடிப் போனவர் ஒரு பெண்மணி. வில்ஹெல்மினா ஜாஷெம்ஸ்கி என்ற அமெரிக்கச் சரித்திர ஆசிரியை. 1960-களில், பாம்பியின் அரங்கத்துக்கு எதிரே ஒரு பெரிய வெற்றிடத்தைத் தோண்டினார். அது மாட்டுச் சந்தை என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். அவரோ துவாரங்களுக்குள் விழுந்திருந்த கற்களைப் பொறுமையாக எடுத்துவிட்டு, சிமெண்டுக் குழம்பை ஊற்றி இறுகவிட்டார். சுற்றி மண்ணை விலக்கினால், வேரின் உருவம் எழுந்து நின்றது! 2,000-க்கும் மேற்பட்ட திராட்சை வேர்கள்; கொடிக்கு ஊன்றிய கம்புகளின் குழிகள் வேறு. படம் பிடித்துக் கொடுத்தவர் பௌதிக விஞ்ஞானியான அவருடைய கணவர். மனைவியின் வேலைக்குக் கணவர் கைகொடுத்த இந்தச் செய்தியை நம் வீட்டு ஆண்களுக்கும் வாசித்துக் காட்டலாம்.

1996-ல் மாஸ்ட்ரோபெரார்டினோ என்ற பரம்பரைத் திராட்சைக் குடும்பத்தார் பாம்பிக்குள்ளேயே மீண்டும் கொடி நட்டார்கள். பியேதிரோஸ்ஸோ, ஷாஷினோஸோ என்ற அந்தச் சீமைக்கே உரிய பழைய ரகங்கள். பழைய இடைவெளி, பழைய மாதிரிக் கம்பு. 2001-ல் அறுவடையான பழத்திலிருந்து வந்த மது 2003-ல் ஏலத்துக்கு வந்தது. சுமார் 1,700 புட்டிகள்தான். பத்தொன்பது நூற்றாண்டுகளுக்குப் பிறகு அந்த மண் மறுபடி காய்த்தது!

இதையெல்லாம் நான் ஏன் தேடித் தேடிப் படித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். தொண்டாமுத்தூருக்கு அப்பால் எங்கள் அப்பாரு போட்ட பன்னீர் திராட்சைப் பந்தல் ஒன்று இருக்கிறது. அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார். ஆள் கிடைப்பதில்லை, மழை தப்பிப் பெய்தால் கொத்து அழுகுகிறது, விலையை நம்பிக் கணக்குப் போட முடிவதில்லை. மனை புரோக்கர் மூன்று முறை வந்துவிட்டார். பாகம் பிரிக்காத பூமி. என் கையெழுத்தும் வேண்டும். பணம் எனக்கும் வேண்டித்தான் இருக்கிறது. மகளுடைய காலேஜ் சம்பளத்தை நினைத்தால் பேனாவைக் கையில் எடுக்கத்தான் தோன்றுகிறது.

அண்ணனிடம் பாம்பிக் கதையைச் சொன்னேன். மௌனமாகக் கேட்டுவிட்டு, "அம்மிணி, அங்கே சாம்பல் மூடுச்சு, சரி. இங்கே வீடல்லோ மூடப் போகுது! அப்புறம் எவன் வந்து துவாரம் தேடுவான்?" என்றார்.

எரிமலை ஊரையே அழித்தது. ஆனாலும் நிலத்தை நிலமாகவே விட்டு வைத்தது. அதனால்தான் திரும்ப நட முடிந்தது. நாமோ யாரையும் அழிக்காமல், பத்திரம் எழுதி, முத்திரை வைத்து, நிலத்தையே இல்லாமல் செய்துவிடுகிறோம். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமைகூட அங்கே கொடியைப் பிடுங்காமல் வைத்திருந்தவர்களால் வந்ததுதானே?

"ஒரே ஒரு அறுவடை பார்ப்போமுங்கண்ணா. நட்டமானால் என் பாகத்தில் கழித்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

அண்ணன் வெகுநேரம் பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கவாத்துக்கு எத்தனை ஆள் பிடிக்கும் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.