இல்லத்து ஒலியரங்கு

கண்ணை மூடிக்கொள்வதற்கு இமை உண்டு. காதை மூடிக்கொள்வதற்கு அத்தகைய காவல் ஒன்றும் இல்லை. கண் தன் முன்னே இருப்பதை மட்டுமே காணும். செவியோ முன்னும் பின்னும், மேலும் கீழும், எத்திசையில் ஒலி எழுந்தாலும் அதனை அறியும். சாலையில் நடந்து செல்லும் உழவர், பின்னே வரும் வண்டியைத் திரும்பிப் பாராமலே ஒதுங்கி நிற்கிறார். இலைகளுக்கிடையே மறைந்திருக்கும் குயிலைக் கண் காணாது. அது எந்தப் பக்கத்துக் கிளையில் அமர்ந்திருக்கிறது என்பதைச் செவி சொல்லிவிடும். இவ்வாற்றலுக்குக் காரணம் நமக்குச் செவிகள் இரண்டு இருப்பதே ஆகும். வலப்புறத்தில் எழும் ஒலி வலச் செவியை முதலில் அடைகிறது. இடச் செவியை அடைவதற்கு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான நேரம் கூடுதலாகிறது. அச்சிறு வேற்றுமையையும், இரு செவிகளிலும் ஒலி வலிமையில் உண்டாகும் வேற்றுமையையும் கொண்டே மூளை திசையைக் கணித்துவிடுகிறது.

செவியின் இவ்வியல்பை உணர்ந்த பொறியாளர்கள், பதிவு செய்த ஒலியிலும் திசையைக் காட்ட முயன்றனர். 1931 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆலன் பிளம்லைன் என்பவர், இரண்டு வழிகளில் ஒலியைப் பதிந்து இரண்டு ஒலிபெருக்கிகளின் மூலம் கேட்கச் செய்யும் முறைக்குக் காப்புரிமை கோரினார். திரையில் நடிகர் நகர்ந்து செல்லும்பொழுது அவர் குரலும் உடன் நகர வேண்டும் என்பது அவருடைய நோக்கங்களுள் ஒன்று. 1940 ஆம் ஆண்டில் வால்ட் டிஸ்னியின் ‘ஃபாண்டேசியா’ என்னும் படம் நியூயார்க்கில் பல ஒலிபெருக்கிகளின் துணையோடு காட்டப்பெற்றது. பின்னர் ரே டால்பி என்பவர் 1965 ஆம் ஆண்டில் இலண்டனில் தொடங்கிய ஆய்வுக்கூடம் இத்துறையில் பெரும்புகழ் பெற்றது. திரையரங்கில் மட்டும் கேட்டுவந்த சூழொலி, 1980-களில் இல்லத்திற்குள்ளும் அடியெடுத்து வைத்தது. மக்கள் அதற்கு ‘ஹோம் தியேட்டர்’ என்று பெயரிட்டு அழைக்கலாயினர்.

அவ்வில்லத் திரையரங்கின் இதயம் போன்றது ‘ரிசீவர்’ எனப்படும் பெட்டி. தொலைக்காட்சி, குறுந்தட்டுக் கருவி, வானொலி, கைப்பேசி முதலியவற்றினின்று வரும் ஒலிக்குறிகளை அது ஏற்றுக்கொள்கிறது. எந்த ஒலி எந்தத் திசைக்கு உரியது எனப் பிரிக்கிறது. பின்னர் வலிமையூட்டி அந்தந்த ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. எளிய அமைப்பொன்றில் முன்புறம் மூன்று, செவிக்கு இருபுறமும் இரண்டு, இடியும் முரசும் போன்ற தாழ்ந்த சுருதி ஒலிகளுக்கென ‘சப்வூஃபர்’ ஒன்று என ஆறு ஒலிபெருக்கிகள் இருக்கும். இதனையே ‘ஐந்து புள்ளி ஒன்று’ என்று வழங்குவர். தாழ்ந்த சுருதிக்குரிய வழி, கேட்கத்தக்க ஒலிப் பரப்பில் ஒரு சிறு பகுதியை மட்டும் தாங்குவதால், அது முழு எண்ணாகக் கொள்ளப்படாமல் புள்ளிக்குப் பின்னே நின்றது.

பெட்டியை விலை கொடுத்து வாங்கிவிடலாம்; நல்லொலியை அவ்வாறு வாங்க முடியாது. இவ்வுண்மையை அதனை வாங்கியோர் அனைவரும் முதல் நாளிலேயே அறிந்துகொள்கின்றனர். பெட்டியின் பின்புறத்தைக் கண்டால், சிவப்பும் கறுப்புமாகத் துளைகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் இரண்டு கம்பிகள். ஓர் ஒலிபெருக்கியில் மட்டும் சிவப்பும் கறுப்பும் இடம் மாறிவிட்டால் ஒன்றும் எரிந்துபோகாது. ஆனால், ஒன்று முன்னோக்கி அசையும்பொழுது மற்றொன்று பின்னோக்கி அசையும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, முரசின் ஒலி தகரத்தின் ஒலியாக மெலிந்துவிடும். ஓர் ஏர்மாடு முன்னேயும் மற்றொன்று பின்னேயும் இழுத்தால் உழவு என்னாகும்? அதுவே இங்கும் நிகழ்கிறது.

அடுத்து வருவது அளவு பார்க்கும் படலம். இக்காலத்துப் பெட்டிகள் பலவற்றோடு ஒரு சிறிய ஒலிவாங்கியும் வருகிறது. கேட்பவர் அமரும் இடத்தில், அவர் செவியின் உயரத்தில் அதனை நிறுத்திப் பொத்தானை அழுத்தினால், ஒவ்வோர் ஒலிபெருக்கியும் முறையே ஓர் ஒலியை எழுப்பும். காற்றில் ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஆதலின் ஒலி வந்து சேரும் நேரத்தைக் கொண்டு, ஒலிபெருக்கி எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைப் பெட்டி கணக்கிட்டுவிடுகிறது. அருகில் இருப்பதன் ஒலியைச் சிறிது தாமதப்படுத்தி, தொலைவில் இருப்பதன் ஒலியோடு ஒரே நேரத்தில் செவியைச் சேருமாறு செய்கிறது. இவ்வளவும் சில மணித்துளிகளில் முடிந்துவிடும். ஆனால், அந்தச் சில மணித்துளி அமைதியை ஒரு வீட்டில் தேடிப் பெறுவதுதான் அரிது. மின்விசிறியை நிறுத்தினால் அடுக்களையில் குக்கர் கூவும். அது அடங்கினால் வாயிலில் கீரை விற்பவர் குரல் கொடுப்பார். அவர் போனபின் காகம் கரையும். வீட்டில் எத்தனை ஒலிகள் உள்ளன என்பதைப் பலர் அன்றுதான் முதன்முதலாக உணர்கின்றனர்.

அளவு முடிந்தபின் மற்றொரு வியப்பும் காத்திருக்கும். மூன்று மீட்டர் தொலைவில் வைத்த சப்வூஃபரை, ஐந்து மீட்டர் தொலைவில் இருப்பதாகப் பெட்டி காட்டும். உரிமையாளர் அளவு நாடாவை எடுத்து இருமுறை அளப்பார். பெட்டி பிழைபட்டதென்று முடிவு கட்டுவார். உண்மை வேறு. சப்வூஃபரின் உள்ளேயுள்ள மின்னமைப்பு, ஒலியைச் சிறிது தாமதித்தே வெளியிடுகிறது. பெட்டி அளப்பது தரையின் நீளத்தையன்று. ஒலி வந்து சேர்ந்த காலத்தை. எதை அளக்கிறோம் என்பதை அறியாமல் அளவைக் குறைகூறலாகாது.

கருவி எத்துணை நன்றாயினும், அறை ஒத்துழையாவிடில் பயனில்லை. நம் நாட்டு வீடுகளில் சுவர்கள் வெறுமையான சிமெண்டுப் பூச்சு. தரை வழவழப்பான கல். ஒலி இவற்றில் பட்டுப் பட்டுத் திரும்புகிறது. ஒரு சொல் முடியுமுன் முந்திய சொல்லின் எதிரொலி வந்து அதனோடு கலக்கிறது. இத்தொல்லை புதிதன்று. 1895 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், விரிவுரை மண்டபம் ஒன்றில் பேசுபவர் சொற்கள் விளங்காமல் போயின. அதனைச் சீர்படுத்தும் பணி வாலஸ் சபின் என்னும் இளம் பேராசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுதோறும் தூக்கி வரச் செய்து, மண்டபத்தில் பரப்பி, எதிரொலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளந்தார். பகல் வருமுன் மெத்தைகளைத் திருப்பிச் சேர்த்துவிடுவார். அவ்வாறு பிறந்ததே கட்டட ஒலியியல். இன்று ஓர் இல்லத்தார் சன்னல்களுக்குக் கனத்த திரையிட்டு, தரையில் தடித்த விரிப்பொன்றை விரித்து, சுவரோரம் நூலடுக்கு ஒன்றை நிறுத்துவாராயின், அவர் சபின் காட்டிய வழியிலேயே நடக்கிறார். புதிய கருவிக்குச் செலவிடும் பெரும் பொருளினும், இச்சிறு செலவு சில வேளைகளில் மிகுந்த பயன் தரும்.

சில நாட்களில் பெட்டி திடீரெனப் பேச்சடங்கிப்போவதுண்டு. கதை உச்சத்தை எட்டும் வேளையில் அது தானே அணைந்துவிடும். பெட்டி கெட்டது என்று வருந்துவோர் பலர். பெரும்பாலும் அது கெட்டதன்று, தன்னைக் காத்துக்கொண்டது. பெட்டி உட்கொள்ளும் மின்னாற்றலில் ஒரு பெரும் பகுதி வெப்பமாகிறது. அழகுக்காக அதனைக் கதவுள்ள அலமாரியில் அடைத்து, மேலே பூவேலைத் துணியும் போர்த்தினால், அவ்வெப்பம் எங்கே செல்லும்? வேறொரு காரணமும் உண்டு. தலைமயிர் போன்ற ஒரு செப்பு இழை, சிவப்புத் துளையினின்று பிரிந்து கறுப்புத் துளையைத் தொட்டாலும் பெட்டி அடங்கிவிடும். காற்றுக்கு வழிவிட்டு, கம்பியின் நுனியை முறுக்கிச் சேர்த்தால் குறை நீங்கும்.

‘எத்தனை வாட்?’ என்பது கடையில் எழும் முதல் வினா. இருமடங்கு வாட் என்றால் இருமடங்கு ஒலி என்று பலர் எண்ணுகின்றனர். ஆற்றலை இருமடங்காக்கினால் ஒலி அளவு 3 டெசிபல் மட்டுமே உயரும். செவிக்கு அது சிறிய வேற்றுமையே. ஓர் ஒலி இருமடங்கு உரத்ததாகத் தோன்ற வேண்டுமாயின், ஆற்றலை ஏறத்தாழப் பத்து மடங்காக்க வேண்டும். ஆகவே 50 வாட் பெட்டிக்கும் 100 வாட் பெட்டிக்கும் விலையில் உள்ள தூரம், செவியில் இல்லை.

இவ்வனைத்தையும் நன்கறிந்த ஒருவர் மதுரையில் இருந்தார். வங்கியில் எழுத்தராகப் பணிபுரிந்த அவர், ஈராண்டு சேமித்துத் தம் இல்லத்தில் ஒலியரங்கு ஒன்றை அமைத்தார். நண்பர்கள் வந்தனர். திரையில் இடி இடித்தது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஹெலிகாப்டர் ஒன்று தலைக்குப் பின்னே எழுந்து முன்னே பறந்து சென்றது. அனைவரும் கைகொட்டி மகிழ்ந்தனர். எழுத்தரின் தந்தையார் மட்டும் எழுந்து திண்ணைக்குச் சென்றார். எழுபத்தெட்டு வயதினர் அவர். அன்று மட்டுமன்று, மறுநாளும் அதற்கு மறுநாளும் படம் தொடங்கியதும் அவ்வாறே எழுந்து சென்றார். ஒரு நாள் அவருடைய பேத்தி அவர் பின்னே சென்றாள்.

“தாத்தா, படம் உங்களுக்குப் பிடிக்கவில்லையா?” என்று கேட்டாள்.

“பிடிக்காமல் என்னம்மா! இடி இடிப்பது நன்றாகத்தான் கேட்கிறது. அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதுதான் கேட்கவில்லை. ஒவ்வொன்றையும் உன் அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தால் அவனுக்கும் தொந்தரவு. நீ போய்ப் பார், கண்ணு” என்றார் முதியவர்.

முதுமையில் உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் ஆற்றலே முதலில் குறைகிறது. உயிரெழுத்துகளின் ஒலி பெரிதும் தாழ்ந்த சுருதியில் அமைந்திருப்பதால், அது கேட்கும். ஒரு சொல்லை மற்றொரு சொல்லினின்று பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் பல உயர்ந்த சுருதியில் அமைந்தவை. அவையே தேய்ந்து மறையும். அதனால் முதியோர்க்குக் குரல் கேட்கும், சொல் விளங்காது. ஒலியைக் கூட்டினால் இடியும் உடன் கூடுமேயன்றிச் சொல் தெளியாது.

பேத்தி கூறியதைக் கேட்ட எழுத்தர் சிறிது நேரம் வாளாவிருந்தார். பின்னர்ப் பெட்டியோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்தார். உரையாடலைப் பெரும்பாலும் தாங்கி வருவது முன்புறத்து நடு ஒலிபெருக்கி. அதுவோ அலமாரியின் அடித்தட்டில், கேட்போர் முழங்காலை நோக்கி நின்றது. அதனை வெளியே இழுத்து, முன்புறத்தின் கீழே ஒரு கட்டையை வைத்து, முகத்தை நோக்கி நிமிர்த்தினார். அதன் அளவை மட்டும் 3 டெசிபல் உயர்த்தினார். உரத்த ஒலியைத் தாழ்த்தி மெல்லொலியை உயர்த்தும் இரவு நேர ஏற்பாடு ஒன்று பெட்டியில் இருந்தது, அதனையும் இயக்கினார். பிறகு திண்ணைக்குச் சென்று, “அப்பா, கொஞ்சம் உள்ளே வந்து உட்காருங்கள்” என்றார்.

அன்று முதியவர் படத்தை முடிவுவரை இருந்து பார்த்தார். எல்லாச் சொற்களும் அவருக்குக் கேட்டன என்று சொல்ல இயலாது; கருவி செவியை இளமையாக்கிவிடாது. பின்னொரு நாள் மகன் அவரைச் செவி மருத்துவரிடமும் அழைத்துச் சென்றார். ஆயினும், படத்தின் நடுவே நகைச்சுவைப் பேச்சொன்றிற்கு மற்றவர்களோடு சேர்ந்து, அவர்களுக்குப் பின்னன்றி, அவர் சிரித்தார். ஹெலிகாப்டர் பறந்ததைப் புகழ்ந்த நண்பர் பலர். எழுத்தர் அப்புகழ்ச்சிகளை நாளடைவில் மறந்தார். அச்சிரிப்பை அவர் மறக்கவில்லை.

தன் வீட்டார் செவியை எண்ணுவது போலவே, அயலார் செவியையும் எண்ணுதல் வேண்டும். உயர்ந்த சுருதி ஒலியைச் சுவர் ஓரளவு தடுத்துவிடும். தாழ்ந்த சுருதி ஒலி சுவரையும் அசைத்து ஊடுருவிச் செல்லும். ஒரு வீட்டில் இன்பமாக முழங்கும் முரசு, அடுத்த வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் மாணவனுக்கும், காய்ச்சலில் படுத்திருப்பவருக்கும் ஓயாத இடிப்பாகவே கேட்கும். நம் நாட்டு ஒலி மாசு விதிகள் 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல் என அவை எல்லை வகுத்துள்ளன. விதி உள்ளது என்பதற்காக அன்றி, சுவருக்கு அப்பாலும் ஒரு குடும்பம் வாழ்கிறது என்பதற்காகவே ஒலியைத் தாழ்த்துவது பண்புடைமை.

இனி ஆசைக்கு அளவு வேண்டும். ஐந்து ஒலிபெருக்கி இருந்த இடத்தில் ஏழு வந்தன. 2012 ஆம் ஆண்டில் திரையரங்குகளில் தோன்றிய ‘டால்பி அட்மாஸ்’ முறை, 2014 ஆம் ஆண்டில் இல்லங்களுக்கும் வந்து கூரையினின்றும் ஒலி எழச் செய்தது. புதிய முறை வருந்தோறும் பழைய பெட்டியைக் கழிப்பவர், கடைக்காரருக்கு உழைக்கின்றார். பத்தாண்டு பழைய பெட்டியாயினும், தூசு துடைத்து, காற்றோட்டம் தந்து, ஒலிபெருக்கிகளை முறையாக நிறுத்திப் போற்றுபவர் நல்லொலியைப் பெறுகின்றார். கருவியை உடையவர் என்பதற்கு, அதற்கு விலை கொடுத்தவர் என்பது மட்டும் பொருளன்று. அதன் இயல்பை அறிந்து, தம்மோடு வாழ்வார்க்குப் பயன்படுமாறு அதனை இயக்கத் தெரிந்தவர் என்பதே பொருளாகும். மாணவர்கள் தம் இல்லத்தில் எக்கருவி இருப்பினும், அதன் கையேட்டை ஒருமுறை பொறுமையாகப் படித்தறிவாராக. அதன் ஒலி யாருக்குக் கேட்கவில்லை என்பதையும், யாருக்கு வேண்டாமல் கேட்கிறது என்பதையும் வினவியறிவாராக.