காற்றாடி மலையில் ஒரு முற்பகல்

கோடை விடுமுறை நெருங்கும்போது நம் இல்லங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். "இந்த ஆண்டு எங்கே போகலாம்?" என்பதே அது. வேளாங்கண்ணி என்பார் தாய். கொடைக்கானல் என்பான் மகன். செலவுக்கு என்ன வழி என்று எண்ணியபடி மௌனமாய் இருப்பார் தந்தை. பிள்ளைகள் சிறுவராய் இருக்கும்வரை இந்தப் பேச்சு எப்படி முடிந்தாலும் இனிதாகவே முடியும். இரயிலில் சன்னலோர இடமும் ஒரு பொட்டலம் வேர்க்கடலையும் கிடைத்தால் அவர்களுக்கு அதுவே திருவிழா. பதினான்கு, பதினைந்து வயதை எட்டும்போதுதான் நிலைமை மாறுகிறது. அழைத்தால் வருகிறார்கள், ஆனால் அவர்கள் மனம் எங்கே இருக்கிறது என்று பெற்றோருக்குத் தெரிவதில்லை.

2023ஆம் ஆண்டு மே மாதத்தில் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தாருடன் குமரி மாவட்டத்துக்குச் சென்று வந்தேன். தந்தை, தாய், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருந்த மகன் என நால்வர். மகள் செவிலியர் படிப்புக்காக வெளியூர் போகவிருந்தாள். "நாங்கள் நால்வரும் ஒன்றாய்ப் போவது இனி எப்போதோ சாமி, நீங்களும் வாருங்கள்" என்று தாயார் அழைத்தபோது மறுக்க மனம் வரவில்லை. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் மறைச்சாட்சி தேவசகாயத்தைப் புனிதர் நிலைக்கு உயர்த்திய நாள்முதல், அவர் வாழ்ந்த இடங்களைக் காணவேண்டும் என்று பங்கு மக்களுக்கு நான் சொல்லிவந்ததும் உண்மை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த மகன் கணக்கில் பின்தங்கியிருக்கிறான் என்று தந்தை என்னிடம் வருந்தியபோது, "பங்குக் கால்பந்துக் குழுவிலிருந்து ஓராண்டு நிறுத்திவையுங்கள்" என்று ஆலோசனை சொன்னவன் நானே. ஆட்டம் நின்றது. அத்துடன் அவன் பீடச் சிறுவனாய்த் திருப்பலிக்கு வருவதும் நின்றது. கணக்கு மட்டும் முன்பு இருந்த இடத்திலேயே நின்றது.

இரவு இரயிலில் புறப்பட்டு விடியலில் நாகர்கோவிலில் இறங்கினோம். முதலில் கோட்டாறு. புனித சவேரியார் பேராலயத்தில் திருப்பலி ஒப்புக்கொடுத்தபின், தேவசகாயத்தின் கல்லறை முன் முழந்தாளிட்டோம். ஒரு மனிதரின் வரலாற்றை முடிவிலிருந்து படிக்கத் தொடங்கியது போல் இருந்தது அது. தாயார் நெடுநேரம் எழவில்லை. மகன் வாயிற்படியில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கிருந்து மேற்கே தக்கலைக்குச் சென்று பத்மநாபபுரம் அரண்மனையைக் கண்டோம். திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய தலைநகர் அது. நிலம் தமிழ்நாட்டில் இருந்தாலும் அரண்மனையைப் பேணுவது கேரள அரசு. காலணிகளை வெளியே விட்டு உள்ளே நுழைந்தால், கோடை வெயிலில் வெந்த பாதங்களுக்குக் கண்ணாடி போன்ற அந்தக் கருந்தரை குளிர்ச்சியாய் இருக்கிறது. மரத்தூண்களிலும் உத்தரங்களிலும் உள்ள செதுக்கு வேலைகளைக் காண ஒரு நாள் போதாது. 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டர், மன்னர் மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில் பணிபுரிந்த அதிகாரி. மதிப்பும் செல்வாக்கும் உள்ளவர். இவரே பின்னாளில் தேவசகாயம் ஆனார்.

அருகிலேயே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் மன்னரின் படைத்தலைவராகவே உயர்ந்த டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். மேற்கூரை இழந்த சிற்றாலயத்துள், இலத்தீனும் தமிழும் பொறித்த கல்லின்கீழ் அவர் 1777 முதல் துயில்கிறார். கால்நடைகளையும் பயிரையும் இழந்து கலங்கியிருந்த நீலகண்டருக்கு விவிலியத்தின் யோபு வரலாற்றை எடுத்துச் சொன்னவர் இவர்தாம். அந்தச் சொற்களே நீலகண்டரை 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெறச் செய்தன. இலாசர் என்னும் பெயரின் பொருளைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று அவருக்குப் பெயரிட்டார்கள்.

இவற்றையெல்லாம் நான் அந்தந்த இடத்தில் விரிவாகவே எடுத்துரைத்தேன். மகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். மகன் பத்தடி தள்ளியே வந்தான். 1749இல் தேவசகாயம் கைதானதையும், எருமையின்மேல் பின்புறம் நோக்கி உட்காரவைத்து ஊர் ஊராய் அவரை இட்டுச் சென்றதையும் சொல்லும்போது மட்டும் அருகே வந்து நின்றான்.

"சாமி, அந்தத் தெருவில் அவருக்குத் தெரிந்தவர்களும் நின்றிருப்பார்களா?"

அந்தப் பயணத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். நான் என்ன சொன்னேன்? "நின்றிருக்கலாம் தம்பி. ஆனால் அவர் மனிதரைப் பார்க்கவில்லை, ஆண்டவரையே பார்த்தார்" என்றேன். மறையுரைக்கு அது பொருத்தமான பதில். பையன் தலையசைத்துவிட்டு மறுபடியும் தள்ளிப்போனான்.

மறுநாள் கன்னியாகுமரியில் கழிந்தது. அலங்கார உபகார அன்னை ஆலயத்தில் செபமாலை சொன்னோம். விவேகானந்தர் பாறையையும், 133 அடி உயர வள்ளுவர் சிலையையும் படகில் சென்று பார்த்தோம். மாலையில் கரையில் நின்று ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டோம். அதில் மூவர் சிரிக்கிறார்கள்.

மூன்றாம் நாள் ஆரல்வாய்மொழி. மேற்கு மலைத்தொடர் தெற்கே இறங்கி வந்து, கடலைச் சேருமுன் இங்கே ஒரு வாயில் விட்டிருக்கிறது. தென்மேற்குக் காற்று அந்த வாயில் வழியே பாய்வதால் முப்பந்தல் வரையிலும் காற்றாலைகள் காடுபோல் நிற்கின்றன. அந்தக் காற்றின் பெயரையே தாங்கி நிற்கிறது காற்றாடி மலை. ஏறக்குறைய மூன்றாண்டுச் சிறைக்கும் சித்திரவதைக்கும் பிறகு, 1752 சனவரி 14 அன்று தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டது இங்கேதான். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது. காட்டில் விடப்பட்ட அவருடைய எலும்புகளைக் கிறிஸ்தவர்கள் பின்னர் திரட்டிக் கோட்டாற்றுக்கு எடுத்துச் சென்றார்கள்.

அன்று காலைத் திருப்பலிவரை ஒருவரும் உண்ணவில்லை. திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது மணி பத்தைக் கடந்திருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவரும் நாள் அது என்பதை நான் மறந்துவிட்டேன், மற்றவர்கள் மறக்கவில்லை. தந்தை கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வெட்டவெளியைத் தேடிப் போனார். சிறிது நேரத்தில் திரும்பி வந்தவர் முகத்தைக் கண்டதும் தாயார் ஒன்றும் கேட்கவில்லை. கணக்கில் தேறவில்லை.

"அவன் எங்கே?" என்றார் தந்தை.

தந்தையுடன் போயிருக்கிறான் என்று தாய் நினைத்திருந்தார். தாயுடன் இருக்கிறான் என்று தந்தை நினைத்திருந்தார். அக்காவுடன் இருப்பான் என்று நான் நினைத்திருந்தேன். நண்பன் ஒருவன் முன்னதாகவே கைப்பேசியில் செய்தி சொல்லிவிட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆலயத்துள் தேடினோம். சாலைக்குச் சென்று தேநீர்க் கடையிலும் பேருந்து நிற்கும் இடத்திலும் விசாரித்தோம். அழைத்தால் அவன் எடுக்கவில்லை. அந்த ஊர் வழியே இருப்புப்பாதை செல்கிறது. அது எங்கள் எல்லாருடைய நினைவிலும் இருந்தது; ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. தேர்வு முடிவு வந்த மறுநாள் நாளிதழ்களில் வரும் செய்திகளைப் படித்திராத பெற்றோர் நம் நாட்டில் யார்? தாயாரின் கையில் செபமாலை இருந்தது, மணிகள் நகரவில்லை.

முக்கால் மணி நேரம் சென்றிருக்கும். "அப்பா, கேளுங்கள்!" என்றாள் மகள். காற்றின் இரைச்சலுக்கிடையே மேலிருந்து மணியோசை போல ஒன்று விட்டுவிட்டுக் கேட்டது. காற்றாடி மலையில் மணியடிச்சான் பாறை என்று ஒன்று உண்டு. தேவசகாயம் உயிர்நீத்த வேளையில் பெயர்ந்து விழுந்து மணியாய் ஒலித்தது என்று மக்கள் நம்பும் பாறை அது. இன்றும் சிறு கல்லால் தட்டினால் ஓசை எழுகிறது. முதல் நாளே அதைப் பற்றி நான் சொல்லியிருந்தேன். அவன் கேட்கவில்லை என்று எண்ணியிருந்தேன், கேட்டிருக்கிறான்.

அக்கா முன்னே ஓடினாள். நாங்கள் மேலேறிச் சேர்ந்தபோது அவன் பாறையருகே குந்தி, கையில் ஒரு கல்லுடன், எங்களைப் பார்க்காமல் இருந்தான். தந்தைக்கு மூச்சு வாங்கியது. அவர் எளிதில் கோபம் கொள்பவர் என்பது எனக்குத் தெரியும். முந்திக்கொண்டு ஏதேனும் சொல்லிவிடவேண்டும் என்று நான் வாயெடுப்பதற்குள் அவர் மகனருகே அமர்ந்துவிட்டார்.

"சாப்பிட்டாயாப்பா?" என்றார்.

அந்தப் பிள்ளை அழுதான். தாயார் பையிலிருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். அந்தக் காற்றில் இலையைப் பிடித்துக்கொள்வதே பெரும்பாடாய் இருந்தது. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டோம். தேர்வைப் பற்றிப் பேச்சே எழவில்லை. உண்டு முடித்தபின்தான் தந்தை, "ஏனப்பா சொல்லாமல் வந்துவிட்டாய்?" என்று கேட்டார்.

"ஊருக்குப் போனால் எல்லாரும் கேட்பார்கள் அப்பா. தெரிந்தவர்கள் எல்லாரும்."

புலியூர்க்குறிச்சியில் அவன் கேட்ட கேள்வியின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. எருமையின்மேல் சென்றவரின் வேதனையில் மற்றவர்கள் காயத்தைக் கண்டோம். அவன் வெட்கத்தைக் கண்டான். நான் அவனருகே அமர்ந்தேன். "தம்பி, அன்று நான் சரியான பதில் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் நின்றிருப்பார்கள். அரண்மனை அதிகாரி அவர். அவரைத் தெரியாதவர் அந்தத் தெருக்களில் இருந்திருக்க முடியாது. அவருக்கும் அது மிகவும் வலித்திருக்கும்" என்றேன். கால்பந்தை நிறுத்தச் சொன்னதற்காக அவனிடம் மன்னிப்பும் கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இறங்கும்போது பத்தடி தள்ளி நடக்கவில்லை. என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

அன்று மாலை வடக்கன்குளம் சென்றோம். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அந்த ஊரில் திருக்குடும்பத்தின் பெயரால் ஆலயம் உண்டு. அங்கே அமர்ந்திருந்தபோது, குருமடத்தில் பலமுறை படித்த லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் என் நினைவுக்கு வந்தது.

திருக்குடும்பமும் ஆண்டுதோறும் பயணம் போன குடும்பமே. பாஸ்கா விழாவுக்காக நாசரேத்திலிருந்து எருசலேமுக்குப் பல நாள் நடை. மகனுக்குப் பன்னிரண்டு வயதான ஆண்டில், திரும்பும் வழியில் ஒரு நாள் தூரம் கடந்தபின்தான் அவன் உடன் இல்லை என்பதை அவர்கள் அறிந்தார்கள். ஆண்களும் பெண்களும் தனித்தனிக் குழுக்களாய்ச் சென்றிருக்கலாம், அதனால் தாயுடன் இருக்கிறான் என்று யோசேப்பும், யோசேப்புடன் இருக்கிறான் என்று மரியாவும் எண்ணியிருக்கலாம் என்று விளக்கவுரையாளர் சிலர் சொல்வதுண்டு. காற்றாடி மலையடிவாரத்தில் எங்களுக்கு நேர்ந்ததும் அதுவே. உலகில் தோன்றிய குடும்பங்களுள் தூய்மையான குடும்பத்துக்கே இப்படி நேர்ந்ததென்றால், நம் குடும்பங்களில் நேரும்போது யாரும் இடிந்துபோகத் தேவையில்லை.

அந்தத் தாயும் தந்தையும் செய்தவற்றை எண்ணிப் பாருங்கள். திரும்பி நடந்தார்கள், தேடினார்கள். கண்டதும் அன்னை கேட்டது ஒரு கேள்வி. கிடைத்த மறுமொழி விளங்கவில்லை. ஆயினும் மகனை அழைத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். விளங்காததை அன்னை உள்ளத்தில் வைத்துக்கொண்டார். வளரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதைவிட நல்ல ஞானப்பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, அன்புள்ள பெற்றோரே, வரும் கோடையில் பிள்ளைகளுடன் எங்கேனும் சென்று வாருங்கள். தொலைவு முக்கியமன்று, ஒரு நாள் பேருந்துப் பயணமும் போதும். போகும் இடத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள். கேட்காதவர்போல் இருந்தாலும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்கள் ஏதேனும் கேள்வி கேட்டால் உடனே போதனை செய்துவிடாதீர்கள். அந்தக் கேள்விக்குள் அவர்களே ஒளிந்திருக்கக்கூடும். தவறி நிற்கும் பிள்ளையைத் தேடிக் கண்டடைந்தால், முதல் சொல் பசியைப் பற்றியதாய் இருக்கட்டும். மற்றவற்றை உண்டபின் பேசலாம்.

அந்தப் பையன் அவ்வாண்டே துணைத்தேர்வு எழுதித் தேறினான். மாலையில் கால்பந்தும் ஆடினான். அக்கா படிக்கப் போய்விட்டாள். அதன்பின் நால்வரும் சேர்ந்து பயணம் செய்ய இன்னும் வாய்க்கவில்லை. அவர்கள் வீட்டு முன்னறையில் திரு இருதயப் படத்தின் கீழே ஒரு புகைப்படம் இருக்கிறது. கன்னியாகுமரிக் கடற்கரையில் எடுத்தது அன்று. காற்றாடி மலையில், கலைந்த தலையும் அழுத கண்களுமாய், இட்லி இலையின் நான்கு முனைகளையும் பிடித்துக்கொண்டு நால்வரும் அமர்ந்திருக்கும் படம். அதை எடுத்தவன் நான். அதனால் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.