மட்டாஞ்சேரியில் குடியமர்தல்

வீட்டிலிருந்தே கணினி வழியாக உத்தியோகம் பார்க்கும் நம் இளைஞர் சிலர், கொச்சியில் குடியமர மட்டாஞ்சேரி உசிதமா என்று வினவுகின்றனர். நாள்தோறும் காக்கநாட்டு இன்ஃபோபார்க்கிற்குச் செல்ல வேண்டியவர்க்கு இவ்விடம் தொலைவு. மாதத்தில் ஓரிரு முறை செல்வோர்க்குத் தடையில்லை. 2023 ஏப்ரலில் தொடங்கிய நீர் மெட்ரோ, 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரித் துறைக்கும் வந்துவிட்டது. குளிரூட்டிய படகில் அமர்ந்து காயலைக் கடப்பது, பாலத்து நெரிசலில் பேருந்துக்குள் நிற்பதினும் எவ்வளவோ மேல்.

தென்னாப்பிரிக்காவையும் பினாங்கையும் இணைக்கும் கடலடிக் கம்பி 2002-இல் கொச்சியில் கரையேறியது. அதனால் நம் தெருவில் இணையம் சிறந்துவிடும் என்பதன்று. அதனை அண்டை வீட்டாரிடமே கேட்டறிதல் வேண்டும். ஆயினும் இணையத்தைக் காட்டிலும் முதலில் விசாரிக்க வேண்டியது தண்ணீர்.

மேற்கே கடல், கிழக்கே காயல். குடிப்பதற்கோ தொலைவிலுள்ள ஆற்று நீர் குழாய் வழி வரவேண்டும். நிலத்தடி நீர் உவர்ப்பு. 2023-இன் தொடக்கத்தில் பாழூர் நீரேற்று நிலையத்தின் எந்திரங்கள் பழுதுபட்டபோது, மேற்குக் கொச்சி மக்கள் குடங்களுடன் லாரிகளுக்குக் காத்து நின்றனர். வீட்டிலேயே அலுவல் பார்ப்பவர், காலை வேளை முழுவதும் வரிசையில் நின்றால் அலுவல் என்னாவது? ஆகவே முன்பணம் கொடுக்குமுன் நிலத்தடித் தொட்டி உண்டா, அதன் கொள்ளளவு எவ்வளவு, குழாயில் எந்நேரம் நீர் வருகிறது என்று கேட்டறிக. வீட்டுக்காரர் சொல்வதோடு நில்லாமல் குழாயைத் திறந்தும் பார்த்துவிடுதல் நலம்.

அடுத்தது ஈரம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர், அதாவது சென்னையைப்போல் இருமடங்கு மழை பெய்யும் ஊர் இது. பஜார் சாலையையும் 1568-இல் எழுந்த யூதர் ஆலயத்தையும் சூழ்ந்த பழைய ஓட்டு வீடுகள் கண்ணுக்கு இனியவை. ஆனால் ஆடி மாதத்தில் அவற்றின் சுவர்கள் வியர்க்கும், புத்தகங்கள் பூசணம் பூக்கும். கணினியைச் சுவரோரம் வைத்தல் ஆகாது. ஐப்பசி மாலைகளில் இடி முழங்கினால், இணையப் பெட்டியின் மின் இணைப்பை உடனே பிடுங்கிவிட வேண்டும். கொசுக்களைப் பற்றி நாம் அதிகம் எழுதவில்லை. முதல் இரவிலேயே அவை தாமாக அறிமுகம் செய்துகொள்ளும்.

2012 முதல் நடைபெறும் கொச்சி முசிறிஸ் கலைவிழாவை ஒட்டி, மார்கழி முதல் பங்குனி வரை பயணியர் மிகுதி. அக்காலத்தில் நாள்வாடகை ஆசையால் குடியிருப்பவரை எழுப்பாதபடி, அம்மாதங்களையும் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிக்கொள்க. பிள்ளைகள் உள்ளோர், 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் மலையாளம் கட்டாயப் பாடம் என்பதையும் கருத வேண்டும். தமிழை வீட்டில்தான் கற்பிக்க நேரும். வீட்டிலேயே அலுவல் பார்க்கும் தந்தைக்கும் தாய்க்கும் அதற்குப் பொழுது கிடைப்பது ஓர் ஆறுதல்.

தமிழ்ப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. அருகிலுள்ள கோட்டைக் கொச்சியின் வெளிப் பகுதியில் சலவைத்துறை ஒன்றுண்டு. டச்சுக்காரர் தம் படையினரின் உடைகளை வெளுக்க வரவழைத்த தமிழ்க் குடும்பங்களின் வழியினர் இன்றும் அங்குத் தொழில் செய்கின்றனர். கவ்வி ஏதுமின்றி, முறுக்கிய கயிற்றின் இடுக்கிலேயே துணிகளைச் செருகி உலர்த்தும் அவர்தம் கைத்திறன் காணத்தக்கது. வீடு தேடுவோர் தரகரிடம் செல்லுமுன் அப்பெரியவர்களிடம் சற்று நின்று பேசுக. எத்தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.