கிண்டி கிடைக்குமா என்று கேட்கும் பெற்றோருக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

ரிசல்ட் வந்த நாளிலிருந்து போனில் ஒரே கேள்விதான். "டீச்சர், பாப்பா 186 கட்-ஆஃப். அண்ணா யுனிவர்சிட்டி கிடைக்குமா?" நான் படித்தது ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ. பாடம் நடத்தியது தொடக்கப் பள்ளியில். இன்ஜினீயரிங் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் சூலக்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பிக்கும்போது வருஷா வருஷம் கூடவே உட்கார்ந்திருக்கிறேன். அதில் தெரிந்துகொண்ட கணக்கைத்தான் சொல்கிறேன்.

முதலில் கேள்வியைத் திருத்துவோம். தமிழ்நாட்டில் பெரும்பாலான இன்ஜினீயரிங் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவைதான். "எங்க காலேஜும் அண்ணா யுனிவர்சிட்டிதான்" என்று வீட்டுக்கு வரும் ஏஜென்டு சொல்வது பொய் இல்லை. ஆனால் நீங்கள் ஆசைப்படுவது அதுவல்ல. பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகக் கல்லூரிகள் சென்னையில் நான்குதான். கிண்டி பொறியியல் கல்லூரி, ஏ.சி. டெக், கட்டடக்கலைப் பள்ளி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. இதில் கிண்டி கல்லூரியின் வேர் 1794-ல் தொடங்கிய நில அளவைப் பள்ளி. போட்டி இங்கேதான்.

அடுத்தது கட்-ஆஃப். கணக்கு 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. கணக்கில் 96, இயற்பியலில் 88, வேதியியலில் 92 என்றால் 96 + 44 + 46 = 186. சில அப்பாமார் "எங்க காலத்துல 290 எடுத்தவனுக்கே கிடைக்கல" என்பார்கள். அது நுழைவுத் தேர்வு இருந்த காலத்து 300-க்கான கணக்கு. 2007-லிருந்து நுழைவுத் தேர்வு கிடையாது, 200-க்குத்தான் கணக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த 186 நல்ல மார்க்கா இல்லையா என்று மார்க்கை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நம்ம ஊர்க்காரர்களுக்கு இது எளிதாகப் புரியும். பேப்பரில் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் போடுகிறார்கள். போன வருஷம் உளுந்து என்ன விலை என்பதை வைத்து இந்த வருஷம் சரக்கு வாங்குவோமா? வரத்து எவ்வளவு, கேட்பவர் எத்தனை பேர் என்று பார்ப்போம். மார்க்கும் அப்படித்தான். 2021-ல் கொரோனாவால் பிளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்களையும் சேர்த்துக் கணக்கிட்டு மார்க் கொடுத்தார்கள். அந்த வருஷத்து 190-ம் வேறொரு வருஷத்து 190-ம் ஒன்றாகுமா? ஆகாது. ஒரே மார்க்குக்கு வருஷத்துக்கு வருஷம் ரேங்க் மாறும்.

அதனால் ரேங்க் பட்டியல் வரும் வரை யார் சொல்வதையும் நம்ப வேண்டாம். வந்த பிறகு, உங்கள் ரேங்கைப் போன வருஷம் அந்தக் கல்லூரியில், அந்தப் பிரிவில், கடைசியாகச் சேர்ந்த பிள்ளையின் ரேங்கோடு ஒப்பிடுங்கள். பிரிவு முக்கியம். கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிகிற ரேங்க் வேறு, மற்ற பிரிவுகள் முடிகிற ரேங்க் வேறு. "கிண்டி கிடைக்காது" என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவு என்று திருப்பிக் கேளுங்கள்.

அடுத்து, உங்கள் பிள்ளை எந்தெந்தப் பட்டியலில் இருக்கிறது என்று பாருங்கள். பொது ரேங்க் உண்டு. 69 சதவீத இட ஒதுக்கீட்டுக்கான சாதிவாரி ரேங்க் உண்டு. மீதி 31 சதவீதப் பொது இடங்களுக்கு எல்லாரும் போட்டியிடலாம். இதைத் தவிர, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020-ல் வந்தது, பொறியியலுக்கு 2021-ல் வந்தது. 60 இடம் உள்ள பிரிவில் நாலோ ஐந்தோ இடம். அதற்குத் தனி ரேங்க் பட்டியல். படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு கட்டுகிறது. பொதுப் பட்டியலில் எங்கோ பின்னால் நிற்கிற பிள்ளை, இந்தப் பட்டியலில் முன்வரிசையில் நிற்கும். பல பெற்றோர் பொது ரேங்கை மட்டும் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இனி நான் எழுத உட்கார்ந்த முக்கியமான விஷயம். விருப்பப் பட்டியலை ஆசை வரிசையில் எழுதுங்கள், பயத்தின் வரிசையில் எழுதாதீர்கள்.

கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கிறது. முதல் விருப்பம் உங்கள் ரேங்குக்கு இல்லையென்றால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. கிடைக்காத ஒன்றை மேலே எழுதியதால் கீழே இருப்பது கைவிட்டுப் போகாது. அபராதம் கிடையாது. ஆனால் பயந்துபோய்ப் பக்கத்துக் கல்லூரியை முதலில் எழுதினால், கேட்டதைக் கொடுத்துவிட்டேன் என்று கம்ப்யூட்டர் அதோடு நிறுத்திவிடும். அதற்குக் கீழே எழுதிய நல்ல கல்லூரியைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் தெருவிலேயே இது நடந்தது. இரண்டு பிள்ளைகள், ஒரே பள்ளி. பையன் 190-க்கு மேல். பொண்ணு அவனைவிட நாலு மார்க் கம்மி. அவள் அப்பா பட்டாசு ஆபீஸில் லோடு ஏற்றுபவர், அம்மாவும் அங்கேதான் வேலை. பையன் வீட்டில் "கிடைக்கிறதை விட்டுறக் கூடாது" என்று, பஸ் வசதி உள்ள பக்கத்துக் கல்லூரியை முதலில் போட்டார்கள். கேட்டது கிடைத்தது.

பொண்ணு வீட்டிலும் அதே பேச்சுதான். "மெட்ராஸெல்லாம் நமக்கு எதுக்கு டீச்சர்? போட்டுக் கிடைக்கலன்னா உள்ளதும் போயிருமே" என்று அவள் அம்மா அழாத குறை. ஒரு தாளில் ஐந்து கோடு போட்டு, மேலிருந்து ஒவ்வொன்றாக அடித்துக் காட்டினேன். "அப்போ கீழே உள்ளது அப்படியே இருக்குமா?" என்று மூன்று தடவை கேட்டார். இருக்கும் என்றேன். பிறகு அவரே மகளிடம், "உனக்குப் பிடிச்சதை மேல எழுதுடி" என்றார்.

அவளுடைய முதல் மூன்று விருப்பங்களும் கிடைக்கவில்லை. நாலாவது கிடைத்தது. கிண்டியில் பிரிண்டிங் அண்ட் பேக்கேஜிங் டெக்னாலஜி, 7.5 சதவீத ஒதுக்கீட்டில். தெருவில் ஒருவர், "அச்சாபீஸ் வேலைக்கு சிவகாசி போதாதா, கிண்டி வரைக்கும் போகணுமா?" என்று சிரித்தார். அவள் அப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் ஒரு டிரங்குப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தார். அந்தப் பையனும் இன்று நன்றாகத்தான் படிக்கிறான், அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் கிண்டி அவனுக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. ஏனென்றால் அவன் கேட்கவே இல்லை.

ஐஐடி பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பிளஸ் டூ மார்க் தகுதிக்கு மட்டும்தான். ஜேஇஇ மெயின் எழுதி, அதில் முதல் இரண்டரை லட்சம் பேருக்குள் வந்தால்தான் அட்வான்ஸ்டு எழுத முடியும். அதுவும் அடுத்தடுத்த இரண்டு வருஷங்களில் இரண்டு முறைதான். மெயின் எழுதாத பிள்ளைக்கு இந்த வழியில் வாய்ப்பு குறைவு இல்லை, வாய்ப்பே இல்லை. அந்த முடிவைப் பதினொன்றாம் வகுப்பிலேயே எடுக்க வேண்டும்.

கடைசியாகச் சில குறிப்புகள்:

1. ரேங்க் வரும் முன் எந்த ஏஜென்டிடமும் முன்பணமோ அசல் சான்றிதழோ கொடுக்காதீர்கள்.

2. மேலே ஆசையை எழுதுங்கள். நடுவில் போன வருஷ ரேங்குக்குப் பக்கத்தில் வருவதை எழுதுங்கள். அடியில் நிச்சயம் கிடைப்பதை எழுதுங்கள். நாலைந்தோடு நிறுத்த வேண்டாம். ஆனால் கிடைத்தால் போக மாட்டோம் என்பதை எழுதவே எழுதாதீர்கள்.

3. கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கவும் வழி இருக்கிறது. குறித்த நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும். சந்தேகம் இருந்தால் கவுன்சிலிங் உதவி மையத்துக்கு நேரில் போங்கள்.

4. பாஸ்வேர்டைப் பிள்ளையைத் தவிர யாரும் வைத்திருக்க வேண்டாம்.

பட்டாசு ஆபீஸுக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் போகிற பெற்றோருக்கு முகநூல் பார்க்க நேரம் இருக்காது. உங்கள் தெருவில் அப்படி ஒரு வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால், இதை வாய்விட்டுப் படித்துச் சொல்லுங்கள். விருப்பப் பட்டியல் எழுதத் தெரியவில்லை என்றால், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருக்கிறேன். பிள்ளையையும் ரேங்க் தாளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம்.