விடுபட்ட மூன்று பிரசங்கங்கள்

கலிபோர்னியாவிலுள்ள கால்டெக் கலாசாலையில் 1961 முதல் 1963 வரை ரிச்சர்ட் ஃபைன்மன் இளம் மாணாக்கருக்கு நிகழ்த்திய பௌதிகப் பிரசங்கங்கள் மூன்று பெரும் பாகங்களாக அச்சேறி உலகப் புகழ் பெற்றவை; ஆனால் அவற்றின் முதல் வருஷத்திலேயே, கணக்குகளை அணுகும் வழியைப் பற்றி அவர் பேசிய மூன்று பிரசங்கங்கள் அப்பாகங்களில் இடம்பெறாமல், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 2006-இல்தான் ஒரு சிறு நூலில் வெளிவந்தன. பௌதிகம் போதித்தே வாழ்நாளைக் கழித்த என்னிடம், பட்டப்படிப்பு மாணாக்கனுக்கு உகந்த துணைநூல் எது என்று எவரேனும் கேட்டால், அந்தப் பெரும் பாகங்களைக் காட்டிலும் இச்சிறு நூலையே முதலில் சொல்வேன்.

ஏனெனில் அந்த மூன்று பிரசங்கங்களும் வகுப்பில் பின்தங்கி மனம் சோர்ந்தவர்களை முன்னிட்டுப் பேசப்பட்டவை. பள்ளியில் முதல்வர்களாக விளங்கி அங்கே வந்து சேர்ந்தவர்களேயாயினும், எந்த வகுப்பிலும் பாதிப்பேர் மற்றப் பாதிக்குக் கீழேதான் நிற்க முடியும் என்று கூறி அவர்களைத் தேற்றிய அந்தப் பேரறிஞர், உடனே உயர்ந்த தத்துவங்களுக்குத் தாவாமல், வகைநுண்கணிதத்தில் ஒரு விரைவான முறையைக் காட்டி, அது கைக்குத் தானாக வரும் வரை அப்பியாசம் செய்யச் சொன்னார். சூத்திரங்கள் அனைத்தையும் நெட்டுருப் போடுவது நடவாத காரியம் என்றும், மறந்த ஒன்றை நினைவில் எஞ்சிய மற்றவற்றைக் கொண்டு, நில அளவையில் முக்கோணம் கட்டுவதுபோல், மீட்டுக்கொள்ள வேண்டும் என்றும் அவர் போதித்தது எனக்கு மிகவும் பிரியமான பகுதி.

நம் கல்லூரிகளின் பிராக்டிகல் வகுப்பிலிருந்தே இதற்கு உதாரணம் காட்டலாம். இரு கத்திமுனைகளின் மேல் கிடக்கும் சட்டத்தின் நடுவில் எடையைத் தொங்கவிட்டு, அதன் இறக்கத்தை நுண்ணோக்கியால் அளந்து யங் குணகம் காணும் சோதனையில், சூத்திரத்தில் மும்மடி அகலத்துக்கா தடிமனுக்கா என்ற ஐயம் பரீட்சை மண்டபத்தில் எழுவது சகஜம். பரிமாணங்களைச் சரிபார்ப்பது இங்கே உதவாது. அகலமும் தடிமனும் இரண்டுமே நீளங்கள்தாமே. ஆனால் அதே போன்ற இன்னொரு சட்டத்தைப் பக்கத்தில் வைத்ததாகக் கற்பனை செய்துகொண்டால், அகலம் இரட்டிக்கிறது, பாரத்தை இரண்டும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன, இறக்கம் பாதியாகிறது. ஆகவே அகலம் ஒருமடியாகவே வரும், மும்மடி தடிமனுக்கே உரியது. இவ்வாறு ஒரு முறை சிந்தித்தவனுக்கு, தடிமனை மட்டும் திருகு அளவியால் பல இடங்களில் அளக்கச் சொல்வது ஏன் என்பதும் விளங்கிவிடும்: அதிலுள்ள பிழை விடையில் மும்மடங்காகப் பெருகும்.

பரீட்சைக்கு முந்திய வாரம் விற்பனையாகும் கைடுகள் இந்தச் சிந்தனைக்கு இடமே வைப்பதில்லை. எதிர்பார்க்கும் வினாவும் அதற்குரிய விடையும் அச்சிட்டுத் தரும் அவற்றை வாங்கும் மாணாக்கன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பல தாள்களை ஒரே பருவத்தில் சுமப்பவன் வேறு என்ன செய்வான்? ஆனால் அவை அவனை ஒரு நாளும் தனியே நிற்க விடுவதில்லை என்பதே என் மனத்தை வருத்துகிறது.

ஃபைன்மனின் பிரசங்கங்களைக் கேட்க ஏறத்தாழ 180 மாணாக்கர் ஒன்றாகக் கூடினர் எனினும், பிறகு அவர்கள் பதினைந்து இருபது பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிந்து, ஓர் உதவி ஆசிரியரின் மேற்பார்வையில் விவாதித்தனர். அத்தகைய குழுக்களில் வைத்துப் படிப்பதற்கு ஏற்றதாக, நம் சோதனைகளையும் நம் வினாத்தாள்களையும் ஒட்டி, மறந்த சூத்திரத்தை மீட்கும் வழிகளை மட்டுமே கூறும் மெல்லிய தமிழ் நூல் ஒன்றை, நெடுநாள் கற்பித்த ஆசிரியர் சிலர் கூடி எழுத முன்வரவேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.