கப்பல் ஏறும் முன் நியூ ஆர்லியன்ஸ்: குழந்தைகளோடு போகலாமா?

அமெரிக்காவில் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போகிற தாத்தா பாட்டி, பேரன் பேத்தி என்று மூன்று தலைமுறையும் சேர்ந்து க்ரூஸ் கப்பலில் போவது இப்போது சகஜமாகிவிட்டது. மயாமி, கால்வெஸ்டன் போல நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்திலிருந்தும் மெக்ஸிகோவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் கப்பல்கள் கிளம்புகின்றன. டிக்கெட் போட்ட பிறகுதான் வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும். "அந்த ஊரா? ராத்திரி பூரா குடியும் கூத்துமா இருக்குமாமே! சின்னப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு அங்க எப்படித் தங்குறது?"

கேள்வி நியாயமானதுதான். அந்த ஊரின் பர்பன் ஸ்ட்ரீட் உலகப் பிரசித்தம். அங்கே பிளாஸ்டிக் கப்பில் மதுவை ஊற்றிக்கொண்டு தெருவிலேயே நடக்கலாம், சட்டமே அனுமதிக்கிறது. இருட்டிய பிறகு நியான் விளக்குகள், காதைப் பிளக்கும் பாட்டு, பெரியவர்களுக்கான நடன விடுதிகளின் போர்டுகள், பால்கனியிலிருந்து பாசிமணி மாலைகளை வீசும் கூட்டம். எட்டு வயதுக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே உலாவ யாருக்கும் தோன்றாது.

அதற்காக, கப்பல் கிளம்பும் நாளன்றே போய் இறங்கலாம் என்று முடிவு செய்வதும் ஆபத்து. விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே ஏறும் வாசலை மூடிவிடுவார்கள். அதனால் முதல் நாளே போய்ச் சேருவதுதான் புத்திசாலித்தனம். இரண்டு நாள் முன்னதாகப் போனால் இன்னும் நல்லது. காரணம், அந்த ஊரைப் பற்றி வெளியில் சொல்லப்படுவது அதன் ஒரு தெருவை, அதுவும் அதன் ராத்திரியை மட்டும்தான்.

பர்பன் தெருவின் நீளமே 13 பிளாக்தான். அதிலும் கனால் தெருப் பக்கம் இருக்கிற பாதியில்தான் இத்தனை சத்தமும். செயின்ட் ஆன் தெருவைத் தாண்டினால் தொட்டிச் செடிகள் தொங்கும் பால்கனிகளும் சாத்திய மர ஜன்னல்களுமாக வீடுகள். பெயருக்கும் மதுவுக்கும்கூட சம்பந்தமில்லை. பிரெஞ்சு அரச வம்சத்தின் பெயர் அது. பிரெஞ்சுக்காரர்கள் 1718-ல் உருவாக்கிய ஊர் இது. பிறகு ஸ்பெயின் கைக்குப் போனது. 1788, 1794 ஆண்டுகளில் நடந்த பெரிய தீ விபத்துகளுக்குப் பிறகு ஸ்பானியர் காலத்தில் எழுந்த நகரைத்தான் இன்று 'பிரெஞ்சு குவார்ட்டர்' என்கிறார்கள்!

தங்கும் இடத்தை மட்டும் யோசித்துப் பிடிக்க வேண்டும். பர்பன் தெரு ஹோட்டல்களில் விடிய விடியத் தூக்கம் இருக்காது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேர்ஹவுஸ் டிஸ்ட்ரிக்ட், அல்லது செயின்ட் சார்ல்ஸ் டிராம் போகும் சாலை குடும்பங்களுக்கு வசதி.

காலை நேரம் குழந்தைகளுடையது

பிரெஞ்சு குவார்ட்டரைக் குழந்தைகளுக்குக் காட்ட ஏற்ற நேரம் காலை எட்டு மணி. ராத்திரி கூட்டம் தூங்கிக்கொண்டிருக்கும். தெருவைக் கழுவிவிட்டிருப்பார்கள். நேராக ஜாக்ஸன் சதுக்கத்துக்கு எதிரே இருக்கும் 'கஃபே டு மோன்ட்'டுக்குப் போய்விடலாம். 1862-லிருந்து நடக்கும் கடை. அங்கே கிடைக்கும் பென்யே, சதுரமாக வெட்டிப் பொரித்த, உள்ளே காற்றாக உப்பிய மாவுப் பலகாரம். ஒரு தட்டுக்கு மூன்று. மேலே பொடித்த சர்க்கரையை மலை மாதிரி கொட்டியிருப்பார்கள். சாப்பிடும்போது சிரித்தால் எதிரில் இருப்பவர் முகமெல்லாம் வெள்ளை. இந்த ரகசியத்தைக் குழந்தைகள் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போக வேண்டாம்.

தாத்தா பாட்டிக்கு அங்கே வேறொரு ஆச்சரியம் காத்திருக்கிறது. அந்தக் கடை காபியில் சிக்கரி கலந்திருக்கும். அமெரிக்காவில் எங்கே குடித்தாலும் 'நம்மூர் காபி மாதிரி வராது' என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்கள் இங்கே முதல் வாயிலேயே நிமிர்ந்து உட்காருவார்கள். சிக்கரி சேர்க்கும் பழக்கம் பிரான்ஸிலிருந்து வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது துறைமுகம் முற்றுகையிடப்பட்டு காபிக்கொட்டைக்குத் தட்டுப்பாடு வந்ததும் அது ஊரில் நிலைத்துவிட்டது.

அங்கிருந்து டிராம். செயின்ட் சார்ல்ஸ் வழித்தடம் 1835-லிருந்து ஓடுகிறது. பச்சை நிறப் பெட்டிகள் 1920-களில் செய்தவை. மர இருக்கை, திறந்து மூடும் ஜன்னல். இருபுறமும் சாலைக்குக் குடை பிடிக்கும் ஓக் மரங்களின் கிளைகளில், திருவிழாக் காலத்தில் வீசிய மணிமாலைகள் மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். அதே சாலையில், கோவேறு கழுதை இழுக்கும் ஒரு மிட்டாய் வண்டியையும் பார்க்கலாம். 1915-லிருந்து வலம் வரும் வண்டி. விற்பது நம்மூர் சவ்வு மிட்டாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்.

மார்டி கிரா என்ற அந்தத் திருவிழாவைப் பற்றியும் வெளியூர்க்காரர்களுக்குத் தப்பான படம்தான் இருக்கிறது. உள்ளூர்க் குடும்பங்களுக்கு அது குழந்தைகளின் பண்டிகை. ஏணியின் உச்சியில் சிறு இருக்கை பொருத்தி, அதில் பிள்ளைகளை உட்கார வைத்து, செயின்ட் சார்ல்ஸ் சாலையில் ஊர்வலம் காட்டுவார்கள். மற்ற மாதங்களில் போகிறவர்கள், துறைமுகத்தின் பக்கத்திலேயே இருக்கும் 'மார்டி கிரா வேர்ல்டு' பட்டறையில் ஊர்வல வண்டிகளுக்கான ராட்சத பொம்மைகள் தயாராவதைப் பார்க்கலாம்.

வெயில் ஏறியதும் நதிக்கரையில் இருக்கும் ஆடுபான் மீன் காட்சியகத்துக்குள் நுழைந்துவிடுவது நல்லது. 2005-ல் கத்ரீனா புயல் ஊரின் சுமார் 80 சதவிகிதத்தை மூழ்கடித்தபோது, ஜெனரேட்டர் நின்றுபோய் இங்கிருந்த மீன்களில் பெரும்பகுதி செத்துப்போயின. அடுத்த ஆண்டே மீண்டும் திறந்தார்கள். 2023-லிருந்து பூச்சிகளின் காட்சியகமும் இதே கட்டடத்துக்கு வந்துவிட்டது. ஓடியாடும் வயதுக் குழந்தைகளுக்கு சிட்டி பார்க். 1,300 ஏக்கர்; கனால் தெருவிலிருந்து டிராமிலேயே போகலாம். நூறு வயது தாண்டிய மரக்குதிரை ராட்டினமும், 2019-ல் அங்கே குடிவந்த குழந்தைகள் அருங்காட்சியகமும் ஒரு அரை நாளைச் சுலபமாக விழுங்கிவிடும்.

தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு சங்கடம். ஓக் மர வேர்கள் நடைபாதைகளைப் பல இடங்களில் தூக்கிவிட்டிருக்கின்றன. கைக்குழந்தை என்றால் மார்போடு கட்டிக்கொள்ளும் பையே மேல்.

குழந்தைகள் கேட்கும் கேள்விகள்

என்னதான் திட்டமிட்டாலும் எங்கோ ஒரு சந்திப்பில் பர்பன் தெருவைக் கடக்க நேரும். 'கண்ணை மூடிக்கோ' என்று சொன்னால் குழந்தை கட்டாயம் திரும்பிப் பார்க்கும். 'இது பெரியவங்க ராத்திரியில பார்ட்டி பண்ற தெரு. நமக்கு இங்க வேலை இல்ல' என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு நடப்பதே போதும். சின்னக் குழந்தைகள் அந்த போர்டுகளைக் கவனிப்பதே குறைவு. பதின்வயதுப் பிள்ளைகளோ பெற்றோரின் பதற்றத்தைத்தான் கவனிக்கிறார்கள்.

உண்மையில் பதில் சொல்லக் கஷ்டமான கேள்விகள் வேறு இடங்களில் வருகின்றன. பிரெஞ்சு குவார்ட்டர் தெருக்களில், ஷூவின் அடியில் பாட்டில் மூடிகளைப் பொருத்திக்கொண்டு தாளம் போட்டு ஆடும் சிறுவர்களைப் பார்க்கலாம். பத்து வயது, பன்னிரண்டு வயது. முன்னால் காசு போட ஒரு பெட்டி. 'அந்தப் பையன் ஸ்கூல் போகலையாப்பா?' என்று கேட்கும் குழந்தைக்கு, வறுமையையும் சொல்ல வேண்டும், அந்த ஆட்டத்தின் பெருமையையும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் 1901-ல் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங்கும் சிறுவயதில் தெருவில் பாடிக் காசு சேர்த்தவர்தான். நின்று ரசித்தாலோ படம் எடுத்தாலோ பெட்டியில் பணம் போடாமல் நகர்வது மரியாதை இல்லை.

ஆம்ஸ்ட்ராங் பெயரில் இருக்கும் பூங்காவுக்குள் காங்கோ சதுக்கம் இருக்கிறது. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, மேளம் கொட்டி ஆடிய இடம். ஜாஸ் இசையின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன் மனிதர்களை விற்ற மிகப் பெரிய சந்தையும் இதே ஊரில்தான் இருந்தது. இதைக் குழந்தைகளிடம் எப்படிச் சொல்வது? ரூபி பிரிட்ஜஸின் கதையிலிருந்து தொடங்கலாம். 1960 நவம்பர் 14. வெள்ளைக் குழந்தைகள் மட்டுமே படித்துவந்த பள்ளிக்கு, ஆறு வயது ரூபி அரசுப் பாதுகாவலர்கள் சூழ நடந்து போனாள். வெளியே கூச்சலிடும் கூட்டம். வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டதால் அந்த ஆண்டு வகுப்பில் அவள் ஒருத்தி மட்டுமே. அந்த வில்லியம் ஃப்ரான்ட்ஸ் பள்ளிக் கட்டடம் இன்றும் இருக்கிறது. முற்றத்தில் ரூபியின் சிலை. ஆறு வயதுப் பிள்ளைக்குக்கூட இந்தக் கதை புரியும்.

ராத்திரி என்றால் ஹோட்டல் அறையில் அடைந்துகிடக்க வேண்டும் என்பதில்லை. 1961-ல் தொடங்கிய 'பிரிசர்வேஷன் ஹால்' பர்பன் தெருவிலிருந்து சில அடி தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே மது கிடையாது, எல்லா வயதினரும் போகலாம், கச்சேரி ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சின்ன ஹால். டிரம்பெட் ஊதுபவரின் கன்னம் உப்புவதைக் குழந்தை கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். ஜாஸுக்குப் பேர்போன இன்னொரு இடமான ஃபிரெஞ்ச்மென் தெரு கிளப்புகளில் பெரும்பாலானவற்றில் குழந்தைகளை விடமாட்டார்கள். முடிந்ததும் காரைக் கூப்பிட்டுத் திரும்பிவிடுவது உத்தமம். ஆளில்லாத தெருக்களில் நடப்பதோ, வாடகைக் காருக்குள் பெட்டிகளை வைத்துவிட்டுப் போவதோ வேண்டாம்.

மறுநாள் கப்பல். இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிற தாத்தா பாட்டியின் அமெரிக்க விசா, பலமுறை நுழைய அனுமதிக்கிறதா என்று டிக்கெட் போடும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். மெக்ஸிகோ போய்விட்டுத் திரும்புவது மறுபடியும் அமெரிக்காவுக்குள் நுழைவதுதான். குழந்தை அப்பா அல்லது அம்மா ஒருவருடன் மட்டும் பயணம் செய்தால், மற்றவரின் சம்மதக் கடிதம் கையில் இருப்பது நல்லது.

கப்பல் நகர்ந்ததும் குழந்தைகள் மேல் தளத்துக்கு ஓடி 'கடல் எங்கே?' என்று கேட்பார்கள். கடல் இல்லை. இது மிசிசிப்பி நதி. மெக்ஸிகோ வளைகுடா இன்னும் சுமார் 160 கி.மீ. தள்ளி இருக்கிறது, போய்ச் சேர ஏழெட்டு மணி நேரம் ஆகும். முதலில் நதி அல்ஜியர்ஸ் முனையில் சட்டென்று வளையும். அங்கே ஆழம் 60 மீட்டருக்கு மேல். பிறகு கரையில் 1909-லிருந்து இயங்கும் சர்க்கரை ஆலை வரும். 1815-ல் ஆங்கிலேயப் படை தோற்ற சால்மெட் போர்க்களம் வரும். நதியின் மணல்திட்டும் வளைவும் அறிந்த உள்ளூர் பைலட்தான் கப்பலை நடத்திப் போவார். பைலட் டவுன் என்ற இடத்தில் சிறு படகில் இன்னொருவர் வந்து ஏற, இவர் இறங்கிக்கொள்வார். அதற்குள் ராத்திரி வெகுநேரம் ஆகியிருக்கும். குழந்தைகள் தூங்கிப்போயிருப்பார்கள், கடலை அவர்கள் காலையில்தான் பார்ப்பார்கள்.