பாட்டி கொண்டுவந்த சீம்பால்

மாமாவுக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது. திடீரென்று வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. மூன்று வாரமாகியும் நிற்கவில்லை. மலப் பரிசோதனையில் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் குடல் ஒட்டுண்ணி தெரிந்தது. உயிர்மருத்துவம் படிப்பவன் என்பதால் வீட்டில் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

அந்த வாரம் பாட்டி ஒரு தூக்குச்சட்டியுடன் மருத்துவமனைக்கு வந்தார். மாடு வளர்ப்பவரிடம் சீம்பால் வாங்கி, வெல்லம் போட்டு அவித்திருந்தார்.

"கன்னுக்குட்டிய நிக்க வைக்கிற பாலுய்யா. இவன நிக்க வைக்காதா?"

நான் சிரித்துவிட்டேன். "இது கிருமி, பாட்டி. பலகாரத்துக்கெல்லாம் போகாது." பாட்டி பதில் பேசவில்லை. சட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

அன்றிரவு விடுதியில் படிக்க உட்கார்ந்தேன். 2002இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்காக அனுமதி பெற்ற நிட்டாசோக்சனைடு மருந்து, மாமாவைப்போல் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடம் நம்பத்தக்க பலன் தருவதில்லை. தேடிக்கொண்டே போனபோது 1986இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு குறிப்பு கிடைத்தது. எதிர்ப்பாற்றல் குறைபாடுள்ள ஒரு குழந்தைக்கு இதே ஒட்டுண்ணியால் வந்த வயிற்றுப்போக்கு, பசுவின் சீம்பால் கொடுத்தபின் நின்றிருக்கிறது. எனக்கு முகம் சுட்டது.

பசுவின் நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்புரதங்கள், அதாவது ஆண்டிபாடிகள், கன்றுக்குப் போவதில்லை. அவற்றைச் சீம்பால்தான் கொடுக்கிறது. சினைப்பசுவுக்கு ஒட்டுண்ணியைத் தடுப்பூசியாகப் போட்டால், அதற்கெதிரான எதிர்ப்புரதம் சீம்பாலில் மிகுந்து வரும். குடலில் ஓர் உயிரணுவிலிருந்து மற்றோர் உயிரணுவுக்குத் தாவும் ஒட்டுண்ணியை அது இடைவழியில் பற்றிக்கொள்ளும். ஆனால் உயிரணுவுக்குள் புகுந்துவிட்ட ஒட்டுண்ணியை அதனால் தொட முடியாது. வயிற்று அமிலமும் செரிமான நொதிகளும் அதைச் சிதைத்துவிடும். பின்னர் எய்ட்ஸ் நோயாளிகளிடம் செய்த சோதனைகளில் சிலருக்குக் குணம் தெரிந்தது, சிலருக்குத் தெரியவில்லை. வழக்கமான சிகிச்சையாக அது இன்றுவரை மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாட்டி வீட்டுக்குப் போனேன். தேர்வில் இரண்டு பக்கம் எழுதக்கூடிய எனக்கு, பாட்டியிடம் சொல்லத் தமிழில் நாலு வாக்கியம் கோக்க அரைமணி நேரம் ஆனது. 'எதிர்ப்புரதம்' என்றால் அவருக்கு என்ன தெரியும்? "கன்னுக்குத் தாய்மாடு குடுத்தனுப்புற காவல்காரங்க" என்று ஆரம்பித்தேன். பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப நான் சொன்னது பொய்யில்ல?"

"பொய்யில்ல பாட்டி. ஆனா அவிச்சதும் காவல்காரங்க செத்துடுவாங்க. பால் கட்டியா உறையுறதே அவங்க உருக்குலையறதாலதான்."

"பச்சையாக் குடுத்திருக்கணுமோ?"

"அது இன்னும் ஆபத்து. இந்தக் கிருமி கன்னுக்குட்டி வயித்துலயும் இருக்கும். மாமா உடம்பு தாங்காது."

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பேன். நீ சிரிச்சதுதான்யா…" என்று நிறுத்திக்கொண்டார்.

மருத்துவர்கள் எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகளின் அளவைக் கவனமாகக் குறைத்தார்கள். மாமா மெல்ல மெல்லத் தேறினார். பாட்டியின் சீம்பால் அவரைக் குணப்படுத்தியிருக்காது; அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆராய்ச்சியாளர்கள் ஆண்டுக்கணக்கில் நடந்து பார்த்த ஒரு பாதையின் வாசல்வரை பாட்டி வந்திருந்தார். வாசலில் நின்றவரைப் பார்த்துச் சிரித்தவன் நான். இப்போது யாராவது வீட்டு மருந்து சொன்னால், பதில் சொல்வதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்க்கிறேன்.